டபிள் கப் வாகனத்துக்குச் சுருள் மூடி: வன்னியில் வாங்குவோருக்கும் பூட்டுவோருக்கும்

மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கமாகவோ மல்லாவிப் பக்கமாகவோ கப் எனப்படும் பிக்கப் வாகனத்தில் சாமான் ஏற்றிப் போகிறவர் ஒரே ஆண்டுக்குள் இரண்டு தொல்லைகளைச் சந்திக்கிறார். வெயில் காலத்தில், தார் வீதியை விட்டு உள்வீதியில் இறங்கியதும் கிரவல் புழுதி எழுந்து பின்பெட்டியில் உள்ள அனைத்தின் மீதும் படிகிறது. ஐப்பசி பிறந்தால் அதே பெட்டியில் மழைநீர் நிற்கிறது. இவ்வளவு காலமும் படங்கைப் போட்டுக் கட்டியே இரண்டையும் சமாளித்து வந்தோம். படங்கு நல்ல பொருள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கயிற்றை அவிழ்த்துக் கட்ட வேண்டும், ஓடும்போது காற்றில் அடித்துக் கிழியும், சந்தையில் வாகனத்தை நிறுத்திவிட்டுப் போனால் பொருளுக்குக் காவலும் இல்லை. இதனால் அண்மைக் காலமாகப் பலர் சுருள் மூடியைப் பற்றி விசாரிக்கிறார்கள். முதன்முறையாக அதை வாங்க எண்ணுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கடைகளின் முன்னால் இருக்கும் ஷட்டரைப் படுக்க வைத்தால் எப்படி இருக்குமோ, அதுவே சுருள் மூடி. பெட்டியின் இரு பக்கச் சுவர்களின் மேல்விளிம்பிலும் ஒவ்வொரு தண்டவாளம் பொருத்தப்படும். ஓட்டுநர் அறைக்குப் பின்னால், பெட்டியின் முன்சுவரை ஒட்டி, நீளமான ஒரு சுருள்பெட்டி குறுக்காக இருக்கும். மூடியின் பட்டைகள் தண்டவாளங்களுக்கு இடையே ஓடி அந்தச் சுருள்பெட்டிக்குள் சுருண்டு அடங்கும். இழுத்து மூடினால் பின்கதவின் ஓரத்தில் பூட்டிக்கொள்ளும், திறப்பைப் போட்டுத் தள்ளினால் முன்னால் போய்விடும்.

வாங்குவதற்கு முன்னரே மனதில் பதிய வேண்டிய ஒன்று உண்டு. எந்தச் சுருள் மூடியும் தண்ணீரே புகாத மூடி அன்று. அது தண்ணீரைத் தடுப்பதைவிடத் தண்ணீருக்கு வழிகாட்டுகிறது என்று சொல்வதே சரி. பட்டைகளின் மேல் விழும் மழை இரு ஓரங்களுக்கும் வழிந்து, தண்டவாளத்தின் உட்பக்கத்தில் உள்ள வாய்க்காலில் இறங்கி, முன்னோக்கி ஓடி, சுருள்பெட்டியின் அடியிலுள்ள குழாய்கள் வழியாக வாகனத்துக்குக் கீழே வெளியேற வேண்டும். வயலுக்கு வரம்பு கட்டுகிறவர் வடிகாலை மறந்தால் என்ன நடக்குமோ, அதுவே இங்கும் நடக்கும். என்னுடைய முதல் மூடியை ஒரு கடையில் கொடுத்துப் பூட்டினேன். மூடி அழகாக ஓடியது, பூட்டும் சரியாக விழுந்தது. காலபோக விதைப்புக்காக விதைநெல் மூட்டைகள் இரண்டை ஏற்றி, இரவு மழையில் வாகனத்தை முற்றத்தில் விட்டிருந்தேன். காலையில் திறந்தபோது முன்மூலையில் இருந்த மூட்டை அடியிலிருந்து பாதிவரை ஊறியிருந்தது. சுருள்பெட்டியைக் குனிந்து பார்த்தால் வடிகுழாய்கள் இரண்டும் பொலித்தீன் உறையோடு உள்ளேயே சுருட்டிக் கிடந்தன. அவற்றை எவரும் பொருத்தவே இல்லை. அன்றிலிருந்து எவருடைய வாகனத்தில் சுருள் மூடியைக் கண்டாலும் முதலில் அடியில் குனிந்து குழாயைத்தான் பார்க்கிறேன்.

உங்கள் பாரத்துக்கு இது பொருந்துமா?

வாரத்தில் பல நாள் நெல் மூட்டைகளைப் பக்கச் சுவருக்கு மேல் அடுக்குகிறவருக்கும், மோட்டார் சைக்கிள், தண்ணீர்த் தாங்கி போன்ற உயரமான சாமான்களை ஏற்றுகிறவருக்கும் சுருள் மூடியைப் பரிந்துரைக்க மாட்டேன். மூடியைச் சுருட்டி வைத்தாலும் சுருள்பெட்டி தன் இடத்தில் இருக்கத்தான் செய்யும். பெரும்பாலான அலுமினிய மூடிகளில் அது பெட்டி நீளத்தில் ஏறக்குறைய 1 அடியை, மேலிருந்து அரைவாசி ஆழம் வரையாவது எடுத்துக்கொள்ளும். இரண்டு வரிசை இருக்கையுள்ள டபிள் கப்பின் பெட்டி நீளமே சுமார் 5 அடிதான் என்பதால் இந்த இழப்பு சிறியதன்று. நீளமான குழாய்களைச் சுருள்பெட்டிக்கு அடியால் தள்ளி ஏற்றலாம், ஆனால் மூட்டைகளை முன்சுவர்வரை நிறைத்து அடுக்க முடியாது. அத்தகைய பாவனைக்கு மூன்றாக மடியும் மூடியோ நல்ல தடித்த படங்கோ போதும். கருவிப்பெட்டி, தண்ணீர் பம்பி, மருந்து தெளிகருவி, கடைச் சாமான், அலுவலகக் கோப்பு, பயணப்பை போன்று பக்கச் சுவருக்குள் அடங்கும் பொருட்களை அடிக்கடி ஏற்றி இறக்குகிறவருக்குத்தான் இந்த மூடி உண்மையான உதவி.

மூடிய பெட்டி வெயிலில் அடுப்பாகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோல் கலன், காஸ் சிலிண்டர் ஆகியவற்றை மூடிக்குக் கீழே வைக்கக் கூடாது. ஆட்டுக்குட்டி, நாய், மனிதர் என எந்த உயிரையும் அதற்குள் ஏற்றக் கூடாது.

அளவெடுத்தல்

விற்பவர் "ஹைலக்ஸுக்கு இருக்கிறது" என்று சொன்னால் அது பாதி விடை மட்டுமே. ரொயோட்டா ஹைலக்ஸில் 2004 முதல் வந்த தலைமுறையும் 2015 முதல் வந்த தலைமுறையும் வேறுவேறு பெட்டிகளைக் கொண்டவை. நிசான் நவாரா, இசுசு டி-மக்ஸ், மிற்சுபிசி எல் 200, போர்ட் ரேஞ்சர் ஆகியவற்றிலும் தலைமுறை மாறும்போது பெட்டியின் விளிம்பும் நீளமும் மாறுகின்றன. ஒரே தலைமுறைக்குள்ளும் தனி கப், நீட்டிய கப், டபிள் கப் என்று பெட்டி நீளம் மூன்று விதமாகும். ஆகவே வாகனத்தின் பெயரோடு உற்பத்தி ஆண்டையும், பதிவுப் புத்தகத்தில் உள்ள சசி (அடிச்சட்ட) இலக்கத்தின் முன்பகுதியையும் குறித்துக்கொண்டு போங்கள். வட அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்ட மூடிகளில் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் அங்கே விற்கப்படும் ரொயோட்டா டகோமா நம் ஹைலக்ஸ் அன்று, அதன் மூடி இதில் உட்காராது.

இலங்கையில் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. அதனால் நம் வீதிகளில் ஓடும் கப்களில் மிகப் பல வயதானவை. பக்கச் சுவர் அடிபட்டு நிமிர்த்தப்பட்டதும், பின்கதவு மாற்றப்பட்டதும் சாதாரணம். உற்பத்தியாளர் கொடுத்த அளவு உங்கள் பெட்டியின் இன்றைய அளவாக இருக்கும் என்று நம்பிவிடாமல், அளவு நாடாவை எடுத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள். பின்கதவை மூடிவிட்டு முன்சுவரின் உட்பக்கத்திலிருந்து பின்கதவின் உட்பக்கம் வரை நீளத்தை எடுங்கள். இரு பக்க விளிம்புகளுக்கு இடையிலான அகலத்தை முன்னாலும் நடுவிலும் பின்னாலும் தனித்தனியே எடுங்கள். நடு அகலம் மட்டும் கூடியிருந்தால், பாரம் தள்ளித் தள்ளிப் பக்கச் சுவர் வெளியே வளைந்திருக்கிறது என்று பொருள். கடைசியாக முன் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கும், முன் வலது மூலையிலிருந்து பின் இடது மூலைக்கும் இரண்டு மூலைவிட்டங்களை எடுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் பெட்டி கோணாமல் நேராக இருக்கிறது. சில மில்லிமீற்றர் வேறுபாட்டைப் பூட்டும்போது சரிசெய்யலாம். 1 சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபட்டால், மூடி வாங்குமுன் தகர வேலை செய்பவரிடம் காட்டிப் பெட்டியை நேராக்குங்கள். வளைந்த பெட்டியில் புது மூடி நிச்சயமாக இறுகும், சில மாதங்களில் ஒரு பக்கப் பட்டை தேயும்.

ஓட்டுநர் அறைக்குப் பின்னால் உருளைச் சட்டம் (ரோல் பார்) பூட்டியிருந்தால் அதன் கால்கள் எங்கே ஊன்றியிருக்கின்றன என்று பாருங்கள். தண்டவாளம் ஓடும் விளிம்பின் மேலேயே அவை ஊன்றியிருந்தால், அந்தச் சட்டத்தோடு பொருந்தும் எனக் குறிப்பிட்ட மூடியைத்தான் வாங்க வேண்டும். பெட்டிக்குள் போட்ட பிளாஸ்ரிக் உள்ளுறை விளிம்பைச் சுற்றி மேலே ஏறியிருந்தாலும் சிக்கல்தான், தண்டவாளத்தை விளிம்போடு இறுக்கும் கிளாம்புகள் தகரத்தையே பிடிக்க வேண்டும் என்பதால் உறையின் மேற்பகுதியை அங்கங்கே வெட்ட வேண்டியிருக்கும்.

அலுமினியமா, வினைலா?

மூன்று வகை பரவலாகக் கிடைக்கின்றன: அலுமினியப் பட்டைகள், வினைல் துணி போர்த்த மெல்லிய பட்டைகள், பொலிகாபனேற்றுப் பலகை. வன்னிக்கு அலுமினியத்தையே நான் தேர்வேன். நம் வெயில் துணி வகையை வெளிறச் செய்து சுருங்கவும் வைக்கிறது. பாலை மரத்துக்குக் கீழே வாகனத்தை நிறுத்துகிறவர்களுக்கு விழும் பழத்தின் பிசின் என்ன செய்யும் என்று தெரியும், அதை அலுமினியத்திலிருந்து ஈரத்துணியால் துடைத்துவிடலாம், வினைலில் கறை தங்கிவிடும். ஆனால் முல்லைத்தீவு, மன்னார் கரையோரங்களில் மீன் பெட்டி ஏற்றுகிறவர்கள் அலுமினியத்தைத் தேர்ந்தால் பூச்சுப் பூசிய பட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும். உப்பு ஈரத்தில் அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் அரிப்பு விரைவாகும். அதனால் கிளாம்புக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் தரப்படும் றப்பர் அல்லது நைலோன் வளையங்களைத் தேவையற்றவை என்று தூக்கிப் போடாதீர்கள்.

பொத்தானை அழுத்தினால் தானாக ஓடும் மின்மூடிகளும் உண்டு. அவற்றின் மோட்டார் பழுதானால் உதிரிப்பாகத்துக்குக் கொழும்புக்கோ அதற்கும் அப்பாலோ எழுதிக் காத்திருக்க வேண்டும் என்பதால், கையால் இழுக்கும் வகையே நமக்குப் போதும் என்பது என் கருத்து.

பூட்டும் வேலை

இரண்டு பேர் வேண்டும், சுருள்பெட்டியை ஒருவர் தனியே தூக்கி நேராக வைக்க முடியாது. சமதரையில், நிழலில், காலை வேளையில் தொடங்குங்கள். காலையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1.5 மீற்றர் நீளமான அலுமினியம் 40 பாகை வெப்பம் கூடும்போது ஏறக்குறைய 1.4 மில்லிமீற்றர் நீளும். நண்பகலில் கொதிக்கும் தண்டவாளத்தை இடைவெளியின்றி இறுக்கிப் பூட்டுகிறவர் காலையில் ஒரு பொருத்தத்தையும் மாலையில் வேறொன்றையும் காண்பார். கையேடு சொல்லும் இடைவெளியைப் பின்கதவுப் பக்கத்தில் அப்படியே விடுங்கள்.

முதலில் பெட்டியைக் கழுவிக் காயவிட்டு, விளிம்பின் கீழ் மடிப்பைக் கையால் தடவிப் பாருங்கள். அங்கேதான் கறள் ஒளிந்திருக்கும், அங்கேதான் கிளாம்பும் பிடிக்கப்போகிறது. கறளைச் சுரண்டி, துத்தநாக அடிப்பூச்சுப் பூசி, அது முற்றாகக் காய்ந்த பிறகே அடுத்த வேலை. பின்னர் பொதியைத் திறந்து எல்லாப் பாகங்களையும் ஒரு துணியில் பரப்பி, கையேட்டில் உள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். இடது, வலது தண்டவாளங்கள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் இடம் மாறக்கூடாதவை. வடிகுழாய்கள் எத்தனை என்று எண்ணிக் கையில் எடுத்துத் தனியே வையுங்கள்.

சுருள்பெட்டியை முன்சுவரோடு சேர்த்து வைத்து, இடையில் வரும் பஞ்சுப் பட்டை மடியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சுருள்பெட்டி பின்பெட்டியின் உடம்பையே பற்ற வேண்டும், ஓட்டுநர் அறையோடு எந்த வகையிலும் இணைக்கப்படக் கூடாது. கப் வாகனத்தில் அறையும் பெட்டியும் ஒரே சட்டகத்தின் மேல் தனித்தனியாக அமர்ந்தவை. குழி விழுந்த வீதியில் இரண்டும் ஒன்றுக்கொன்று அசையும், இரண்டையும் இணைத்தால் ஏதாவது ஒன்றில் விரிசல் விழும்.

அடுத்துத் தண்டவாளங்களைச் சுருள்பெட்டியில் செருகி, விளிம்பின் மேல் அமர்த்தி, கிளாம்புகளைக் கையால் மட்டும் திருகுங்கள். இந்த நிலையில் ஸ்பனரைத் தொட வேண்டாம். தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தை முன்னும் நடுவும் பின்னும் அளந்து மூன்றும் ஒன்றாகும்வரை மெல்லத் தட்டி நகர்த்துங்கள், பிறகு மூலைவிட்டங்களை அளந்து பாருங்கள். மூடியை நடுவிலுள்ள பட்டியைப் பிடித்து மெதுவாக இழுத்து மூடுங்கள், திறவுங்கள். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் சரியான மூடியும் கோணலாகத்தான் ஓடும். ஓரிடத்தில் இறுகினால் அந்த இடத்துக்கு அருகிலுள்ள கிளாம்பைத் தளர்த்தித் தண்டவாளத்தைச் சற்று வெளியே விடுங்கள். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம் போனாலும் போகட்டும், பின்னர் வரும் தேய்வும் கிறீச்சிடலும் பூட்டு விழாத தொல்லையும் பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்ததால் வருபவைதான்.

எல்லாம் ஒருசீராக ஓடியதும், முன்னிருந்து பின்னாக, இடதும் வலதும் மாறிமாறிக் கிளாம்புகளை இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற முறுக்கு அளவு கையேட்டில் கொடுக்கப்பட்டிருக்கும், அதை அளக்கும் ஸ்பனரைத் தெரிந்த கராஜில் இரவல் வாங்குங்கள். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லது என்ற எண்ணம் இங்கே கெடுதல் செய்யும், மெல்லிய தகர விளிம்பு அழுந்தி வளைந்தால் அதன்பின் எந்தக் கிளாம்பும் அங்கே பிடிக்காது.

இப்போது வடிகுழாய்கள். பல வாகனங்களில் பெட்டியின் முன்மூலைகளில் தொழிற்சாலையிலேயே விட்ட, றப்பர் மூடியிட்ட துளை இருக்கும். குழாயை அதன் வழியே இறக்குங்கள். துளை இல்லாவிட்டால் நீங்களே இட வேண்டும். துளையிடுமுன் வாகனத்துக்கு அடியில் படுத்து, அந்த இடத்துக்கு நேர் கீழே பிரேக் குழாயோ எரிபொருள் குழாயோ வயர்க் கட்டோ போகிறதா என்று கண்ணால் பாருங்கள். இட்ட துளையின் விளிம்பை அரத்தால் மழுப்பி, துத்தநாகப் பூச்சைப் பூசி, றப்பர் வளையம் போட்டு, அதற்குள்ளால் குழாயைச் செலுத்துங்கள். குழாய் எங்கும் மடியாமல், மேடேறாமல், தொடர்ந்து கீழிறங்க வேண்டும். அதன் முனை புகைக்குழாயின் மேல் முடியக் கூடாது, சில்லு எறியும் சேறு நேரே அடைக்கும் இடத்திலும் முடியக் கூடாது.

பிறகு மூடியை இழுத்து மூடி, தண்ணீர்க் குழாயால் மழைபோலப் பத்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். ஒருவர் அடியில் இருந்து இரண்டு குழாய்களிலும் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கட்டும். உள்ளே பழைய பத்திரிகைத் தாள்களை முன்கூட்டியே விரித்து வைத்தால், எந்த மூலையில் ஒழுகுகிறது என்பதைத் தாளில் உள்ள ஈரமே காட்டிக்கொடுக்கும். பாரம் இல்லாத கப்பின் பின்பக்கம் சற்று உயர்ந்து நிற்பதால் தண்ணீர் இயல்பாக முன்னால் ஓடும். நிறையப் பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் பின்கதவை நோக்கித் திரும்பும். ஆகவே பின்பக்கத்தில் பாரம் வைத்தும் ஒருமுறை சோதியுங்கள், மழை இரவில் பாரத்தோடு நிறுத்தும்போது முன்பக்கம் தாழ்ந்திருக்குமாறு நிறுத்துங்கள்.

புழுதி வரும் வழி

மூடி பூட்டியும் உள்ளே புழுதி வருகிறதே என்று மனம் நொந்தவர்கள் பலர். பிழை பெரும்பாலும் மூடியில் இல்லை. வாகனம் ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, சில்லுகள் கிளப்பிய புழுதி சுழன்று பின்கதவின் மேல் வந்து சேர்கிறது. பின்கதவின் அடியிலும் இரு பக்கங்களிலும் விரல் நுழையுமளவு இடைவெளி தொழிற்சாலையிலிருந்தே இருப்பதால் புழுதி அதன் வழியே உள்ளே போகிறது. மழைநீரும் அதே வழியைப் பயன்படுத்துகிறது. எனவே மூடியோடு சேர்த்துப் பின்கதவுக்கும் இடைவெளியை அடைக்கும் பீடிங் பூட்டுவதை ஒரே வேலையாகக் கருதுங்கள். உள்ளே வெற்றிடமுள்ள, அழுத்தினால் நசுங்கி மீளும் றப்பர் பீடிங்கை அடியிலும் இரு பக்கங்களிலும் ஒரே துண்டாக ஒட்டுவது நல்லது, மூலையில் வெட்டி இணைத்தால் அந்த இணைப்பில்தான் முதலில் பிரியும். ஒட்டும் தகரத்தை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துக் காயவிட்ட பிறகே ஒட்டுங்கள். கதவு மூடக் கடினமாகிவிட்டால் பீடிங் தடிப்புக் கூடியது என்று அறிந்து மெல்லியதாக மாற்றுங்கள், கதவை அறைந்து மூடிப் பழக்கிக்கொள்ளாதீர்கள்.

பின்கதவின் பூட்டையும் இப்போதே பாருங்கள். பழைய வாகனங்கள் சிலவற்றில் பின்கதவுக்குத் திறப்பே கிடையாது. சுருள் மூடியை எவ்வளவு உறுதியாகப் பூட்டினாலும் கதவை இறக்கிச் சாமானை எடுத்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பூட்டுக்குப் பயனில்லை. திறப்புள்ள கைப்பிடியைத் தனியே வாங்கிப் பூட்டலாம்.

பூட்டிய பின்

கிரவல் வீதியின் அலைமேடுகள் போல்டுகளைத் தளர்த்துவதில் வல்லவை. முதல் வாரம் ஓடியதும் எல்லாக் கிளாம்புகளையும் மீண்டும் முறுக்கு அளவுக்குச் சரிபாருங்கள், பிறகு ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின் போதும் பாருங்கள். தண்டவாளத்தில் கிறீஸோ என்ஜின் எண்ணெயோ பூச வேண்டாம், அவை புழுதியைப் பிடித்து தேய்க்கும் உரைக்கடதாசிபோல் ஆக்கிவிடும். ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கன் தெளிப்பை மெல்லியதாகத் தெளித்தால் போதும். சேவிஸ் நிலையத்தில் கழுவும்போது உயரழுத்தத் தண்ணீரைப் பட்டைகளின் இணைப்புக்கு நேரே அடிக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மூடியின் மேல் மூட்டை வைப்பதும் ஆட்கள் ஏறி இருப்பதும் பட்டைகளை வளைக்கும். கரையோரத்தில் மீன் ஏற்றிவந்த அன்றே நல்ல தண்ணீரால் தண்டவாளத்தைக் கழுவுங்கள், மறுநாளுக்கு விடாதீர்கள்.

புரட்டாதி முடியுமுன், மழை தொடங்குவதற்கு முன்பே, வாகனத்தை ரயர் கடைக்குக் கொண்டுபோய் வடிகுழாய்களைக் கீழிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கோடை முழுதும் சேர்ந்த புழுதியும் வேப்பஞ் சருகும் அதற்குள் இறுகிக் கிடக்கும். பின் ஒரு வாளி தண்ணீரைத் தண்டவாளத்தில் ஊற்றி இரு பக்கமும் வடிகிறதா என்று பாருங்கள். கையேட்டையும், மீந்த கிளாம்பு ஒன்றையும், திறப்பின் இலக்கத்தையும் வீட்டில் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருங்கள். நான்கைந்து ஆண்டுகளின் பின் புதிய திறப்பு வாங்க வேண்டி வந்தால் விற்பவர் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான்.